வெள்ளவத்தைக் கால்வாயின் கரையில் என்ன வளர வேண்டும்?

பம்பலப்பிட்டியிலிருந்து காலி வீதி வழியாக வெள்ளவத்தைக்குள் நுழையும் பஸ், சவோய் திரையரங்கை எட்டுவதற்குச் சற்று முன் ஒரு பாலத்தைக் கடக்கும். பாலத்தின் கீழே ஓடும் நீரைப் பயணிகளில் பெரும்பாலோர் திரும்பிப் பார்ப்பதில்லை. மழைக்காலத்தில் அது செம்மண் நிறத்தில் விரைந்தோடும்; மழையற்ற மாசி, பங்குனியில் கறுத்துத் தேங்கி நிற்கும். கிழக்கே கிருலப்பனைப் பக்கத்திலிருந்து வந்து, காலி வீதியின் கீழும் கரையோர ரயில் பாதையின் கீழும் புகுந்து கடலில் சேரும் இந்தக் கால்வாய் மனிதர் கையால் வெட்டப்பட்டது. வெட்டுவித்தவர் மேல் மாகாண அரசாங்க அதிபராக இருந்த சார்ள்ஸ் பீற்றர் லேயார்ட். காலம் 1870கள்.

கொழும்புக்குப் பின்னால் தேங்கும் வெள்ளத்தைத் தெற்கே கடலுக்கு இறக்கிவிடுவதுதான் அவருடைய நோக்கம். அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் அதை 'லேயார்டின் மடமை' என்றே அழைத்தார்கள். கடலும் கால்வாயும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருக்கும் இடத்தில் நீர் எப்படி வடியும் என்பது அவர்களுடைய கேள்வி. கேள்வியில் நியாயம் இருந்தது. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவந்து குவிக்கும் மணல் இன்றும் கால்வாய் வாயை அடைக்கிறது. இயந்திரம் கொண்டு அதைத் தோண்டித் திறக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும், 150 ஆண்டுகளாகத் தென் கொழும்பின் மழைநீர் அந்த வழியாகத்தான் கடலுக்குப் போகிறது.

லேயார்ட் நீரின் போக்கைக் கணக்கிட்டார். கரையில் என்ன வளர வேண்டும் என்று யாரும் கணக்கிடவில்லை. அவருக்கு முன்னும் பின்னும் கொழும்பின் நீர்வழிகளைத் திட்டமிட்ட அனைவருக்கும் இது பொருந்தும். படகுக்காக ஒரு காலம், வெள்ளத்துக்காக ஒரு காலம், நடைபாதைக்காக ஒரு காலம் என்று கரை மாறி மாறி வெட்டப்பட்டது. தாவரங்கள் மட்டும் யாருடைய திட்டத்திலும் இடம் பெறாமல் தாமாக வந்தன, அழிந்தன, அந்நியச் செடிகளுக்கு இடம் விட்டன. இப்போது சுதேச மரஞ்செடிகளைக் கரைகளுக்குத் திருப்பிக் கொண்டுவருவதைப் பற்றிப் பேசுகிறோம். அப்படிப் பேசும்போது இந்த வரலாறு தெரிந்திருப்பது அவசியம்.

கால்வாய்களுக்கு முன்னால் இங்கே இருந்தது சதுப்பு. களனி கங்கை கடலைச் சேரும் தாழ்நிலத்தில், இன்றைய கொலன்னாவை, கோட்டே, நாரஹேன்பிட்டி, நுகேகொடை வரை ஈரநிலம் விரிந்து கிடந்தது. அந்தச் சதுப்பை அரண் என்று கண்டவர் 14ஆம் நூற்றாண்டில் கோட்டேயில் கோட்டை கட்டிய அழகக்கோனார். தியவன்னா ஓயாவின் சதுப்பு அந்த நகரத்தைச் சூழ்ந்து நின்று, எதிரிப் படைகளுக்கு அகழியாகப் பயன்பட்டது. 15ஆம் நூற்றாண்டில் ஆறாம் பராக்கிரமபாகு அங்கிருந்து ஆண்டான். யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்ற அவன் அனுப்பிய செண்பகப்பெருமாள் படையெடுத்துப் புறப்பட்டதும் அந்த ஈரநிலத் தலைநகரிலிருந்துதான்.

1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தர், சதுப்பிலும் ஓடையிலும் படகு வழியைக் கண்டார்கள். சொந்த நாட்டிலேயே தண்ணீரை ஆளப் பழகியவர்கள் அவர்கள். கறுவா, கொப்பரை, பாக்கு, மரக்குற்றி எல்லாவற்றையும் கோட்டைக்குக் கொண்டுவர அவர்களுக்கு மலிவான பாதை தேவைப்பட்டது. களனி கங்கையையும் நகரத்தின் வாவியையும் இணைத்த சென் செபஸ்தியன் கால்வாய் அந்தக் காலத்தின் வேலை. கிராண்ட்பாஸுக்கும் புதுக்கடைக்கும் இடையே அது இன்றும் ஓடுகிறது. வடக்கே நீர்கொழும்பைத் தாண்டிப் புத்தளம் வரை நீண்ட கால்வாய்த் தொடரும் அவர்களுடையது. 1796இல் ஆட்சியைப் பிடித்த ஆங்கிலேயர், 1802க்கும் 1804க்கும் இடையில் ஹெந்தளையிலிருந்து நீர்கொழும்புப் பக்கமாக ஹமில்டன் கால்வாயை வெட்டி அந்தத் தொடரை வளர்த்தார்கள்.

பாரம் ஏற்றிய படகுக்குத் திறந்த கரை வேண்டும். கயிறு கட்டி இழுப்பவர் நடக்கவும், கோல் ஊன்றித் தள்ளுபவர் தடையின்றிப் போகவும், கரையோரப் புதர்கள் வெட்டப்பட்டன. ரயில் வந்த பின் படகுப் போக்குவரத்து மெல்ல மெல்ல ஒடுங்கியது. 1877 வாக்கில் கரையோர ரயில் பாதை வெள்ளவத்தையைக் கடந்து மொறட்டுவை வரை போய்விட்டது. கால்வாய்களுக்கு இருந்த வணிகப் பெறுமதி போனதும், அவற்றைப் பராமரிக்கும் அக்கறையும் போயிற்று.

அந்தக் கரைகளில் முன்பு என்ன நின்றன? கொழும்பைச் சுற்றி எஞ்சியிருக்கும் சதுப்புகளில் நடந்தால் பதில் கிடைக்கும். நீரோரத்தில் கோரையும் சம்பும். சேற்றில் வேரூன்றி, முள் நிறைந்த தண்டோடு அகன்ற இலை விரிக்கும் கொகில. அதன் கிழங்கையும் இளந்தளிரையும் கறி சமைப்பதற்காகக் கொழும்புச் சந்தைகளில் இன்றும் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். சற்று மேலே தாழை; பாய்க்கும் பெட்டிக்கும் அதன் ஓலை பயன்பட்டது. வெள்ளம் ஏறி இறங்கும் சரிவில் நீர்ப்பருத்தி, உதளை, சமுத்திரப்பழம். சமுத்திரப்பழ மரம் இரவில் பூத்து, விடியலில் நீண்ட சரங்களிலிருந்து பூக்களை நீரில் உதிர்க்கும். சிங்களவர்கள் அதை 'தியமிதெல்ல' என்கிறார்கள். கடல் உப்பு ஏறும் இடங்களில் கிண்ணை மரம் மூச்சு வேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டி நிற்கும். அதன் புளித்த பழத்தைத் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கரைத்துக் குடிப்பது தென்னிலங்கையில் வழக்கம். கரை மேட்டில் புங்கு, புன்னை, நாவல், மருது.

இவற்றுக்கு ஒவ்வொரு மட்டத்திலும் ஒவ்வொரு வேலை இருந்தது. கோரையின் வேர்வலை சேற்றைப் பிடித்தது. நீர்ப்பருத்தியின் தாழ்ந்து வளையும் கிளைகள் வேகத்தைக் குறைத்தன. மருதின் பெருவேர்கள் கரை மேட்டைக் கட்டிப்போட்டன. ஓர் இனத்தைக் கரையிலிருந்து அகற்றினால், அது செய்த வேலை முழுவதும் மண்ணிடம் வந்து சேரும். மண்ணால் அதைத் தனியே செய்ய முடியாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த முதல் பெரிய விருந்தாளி ஆகாயத்தாமரை. நீலப்பூ அழகுக்காக, தோட்டக் குளங்களில் வளர்ப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட தென்னமெரிக்கச் செடி அது. சில ஆண்டுகளிலேயே நீர்நிலைகளை மூடத் தொடங்கியது. 1909இலேயே அதை ஒழிப்பதற்கென்று தனியாக ஒரு கட்டளைச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. ஒரு தாவரத்துக்கு எதிராக ஒரு நாடு சட்டம் போடும் நிலை, அது வந்து பத்து ஆண்டுகள் ஆவதற்குள் ஏற்பட்டது.

இரண்டாவது, சல்வீனியா. பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட இந்த மிதக்கும் பன்னம் 1939இல் கொழும்பிலிருந்த பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறை வழியாக நாட்டுக்குள் வந்தது. மாணவர்களுக்குக் காட்டும் மாதிரியாக வந்த செடி, கொழும்பைச் சுற்றிய நீரோடைகளுக்கும் வயல்களுக்கும் பரவியது. யப்பானிய விமானங்கள் நீர்நிலையைத் தரை என்று நம்பி இறங்கட்டும் என்பதற்காகப் படையினர் பரப்பியதாக இன்றும் கதை சொல்வார்கள். உண்மை வகுப்பறையிலிருந்து தொடங்குகிறது. விதை தராத இந்தக் கலப்பினம் முறிந்த துண்டுகளாலேயே பெருகும். வசதியான நீரில் சில நாட்களிலேயே இரு மடங்காகும். கையால் அள்ளினார்கள், மருந்து தெளித்தார்கள், அடங்கவில்லை. பிரேசிலில் அந்தச் செடியையே உண்டு வாழும் ஒரு சிறு வண்டு கண்டுபிடிக்கப்பட்டு, அவுஸ்திரேலிய ஏரிகளில் வெற்றி கண்ட பின், 1986இல் இலங்கையிலும் விடப்பட்டது. அரை நூற்றாண்டு மனித உழைப்பால் ஆகாததை அந்த வண்டு பல இடங்களில் சில ஆண்டுகளுக்குள் செய்து முடித்தது.

மூன்றாவது விருந்தாளியைப் பற்றித்தான் இன்றைய திட்டக்காரர்கள் அதிகம் கவலைப்பட வேண்டும். சிங்களத்தில் 'வெல் ஆத்தா' என்று அழைக்கப்படும் இந்த மரம் நமக்குத் தெரிந்த அன்னமுன்னாவின் இனம். அமெரிக்க வெப்பமண்டலச் சதுப்புகளைச் சேர்ந்தது. அன்னமுன்னா வகைகளை ஒட்டுக்கட்டுவதற்கு அடிமரமாகக் கொண்டுவரப்பட்டதாகத் தாவரவியலாளர்கள் குறிக்கிறார்கள். நன்னீரும் உவர்நீரும் அதற்கு ஒன்றுதான். காயும் விதையும் மிதந்து போய் அடுத்த கரையில் முளைக்கும். நெல் விளைந்த நிலங்கள் கைவிடப்பட்டபோது அவற்றை முதலில் கைப்பற்றியதும் இதுவே. இன்று கொழும்புச் சதுப்புகளில் அடர்காடாகத் தெரியும் பகுதிகளில் பெரும்பங்கு இந்த ஒரே மரம்.

வயல்கள் ஏன் கைவிடப்பட்டன என்பதிலும் கால்வாயின் கதை இருக்கிறது. நுகேகொடை, நாரஹேன்பிட்டி, கோட்டே எல்லாம் ஒரு காலத்தில் நெல் வயல்கள். நகரம் மேட்டு நிலத்தை மூடியதும் மழைநீர் மண்ணில் இறங்க வழியின்றி வயலுக்கு ஓடிவந்தது. பராமரிப்பற்ற கால்வாய்கள் அதை வடிக்கவில்லை. விதைத்தது அழுகியது. விவசாயி விலகினான், வயல் சதுப்பாயிற்று. சதுப்பு குப்பை கொட்டும் இடமாகவும், மண் போட்டு நிரப்பி விற்கும் காணியாகவும் ஆயிற்று.

1921இல் கொழும்புக்கென்று நகரத் திட்ட அறிக்கை எழுதிய பட்ரிக் கெடிஸ், அதற்கு முன் டண்டியில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர். சென்னை மாகாணத்து நகரங்களையும் நடந்து பார்த்து அறிக்கை எழுதியிருந்தார். கொழும்பைக் 'கிழக்கின் தோட்ட நகரம்' ஆக்க வேண்டும் என்ற எண்ணம் அவருடைய பெயரோடு இணைந்தது. நிழல் மரங்கள் நிறைந்த வீதிகள் கொழும்பின் பெருமையாயின. கறுவாத்தோட்டத்திலும் ஹெவ்லொக் வீதியிலும் விரிந்து நின்ற தூங்குமூஞ்சி மரங்கள் தென்னமெரிக்காவிலிருந்து வந்தவை. வீதியின் ஓரம் தோட்டமாயிற்று; நீரின் ஓரம் நகரத்தின் முதுகாகவே இருந்தது.

அந்த முதுகுப் பக்கத்தில்தான் தொழிற்சாலைகள் எழுந்தன. தொழிலாளர் குடியிருப்புகளும் எழுந்தன. வெள்ளவத்தையில் கால்வாய்க்கு அண்மையில் இயங்கிய நூற்பு, நெசவு ஆலை அதன் பெரிய உதாரணம். மலையாளத் தொழிலாளர்கள் பெருமளவில் வேலை செய்த அந்த ஆலையின் 1933ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் தென் கொழும்பு இளைஞர் கழகத்தினர் தொழிலாளர் பக்கம் நின்றார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியவர்கள் அவர்களே. ஆலை மறைந்து, அந்த நிலத்தில் இன்று 'ஹெவ்லொக் சிட்டி' அடுக்குமாடிகள் நிற்கின்றன. ஆலைகளுக்கும் சந்தைகளுக்கும் துறைமுகத்துக்கும் உழைப்பைத் தந்த குடும்பங்கள் கால்வாய் ஓரத் தோட்டங்களில் குடியேறின. கழிவுநீர் வசதியற்ற வீடுகளிலிருந்து எல்லாம் நீருக்கே போயிற்று.

வடகொழும்பில் நிலைமை இன்னும் கடினம். கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, கிராண்ட்பாஸ் பகுதிகளின் மழைநீர், நெரிசலான வடிகால்கள் வழியாகவும் சென் செபஸ்தியன் கால்வாய் வழியாகவும் போக வேண்டும். முகத்துவாரப் பக்கமாகக் கடலுக்குக் குடைந்த சுரங்கமும் அதற்கு உதவியது. கொட்டாஞ்சேனைக்கு அருகே புளூமெண்டால் பகுதியில் நகரக் குப்பை பல ஆண்டுகள் மலையாகக் குவிந்தது. 2009இல் அங்கே கொட்டுவது நிறுத்தப்பட்டு, குப்பை கொலன்னாவைச் சதுப்பின் ஓரமாக மீதொட்டமுல்லைக்குப் போனது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, அந்தக் குப்பைமேடு சரிந்து வீடுகளைப் புதைத்தது. 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நீருக்குரிய நிலத்தைக் குப்பைக்குரிய நிலமாக ஆக்கியதற்கு நகரம் கொடுத்த விலை அது.

தாழ்நிலங்களை அரசு நேரடியாகக் கையில் எடுத்தது 1968இல். கொழும்பு மாவட்டத் தாழ்நிலங்களை மீட்டு அபிவிருத்தி செய்வதற்கென்று அந்த ஆண்டில் ஒரு சபை சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டது. பின்னர் அது இலங்கைக் காணி மீட்பு, அபிவிருத்திக் கூட்டுத்தாபனமாக வளர்ந்தது. அன்று மீட்பது என்றால் நிரப்புவது. 1982இல் ஜெப்ரி பாவா வடிவமைத்த புதிய பாராளுமன்றம் தியவன்னா ஓயாவின் சதுப்பைத் தோண்டி உருவாக்கிய ஏரியின் நடுவே திறக்கப்பட்டது. சதுப்பு நிலத்தின் அழகை நாடு கண்ட தருணம் அது. அதன் வேகத்தில் சுற்றியிருந்த சதுப்புகளின் காணி விலையும் ஏறியது.

1992 ஜூன் 4ஆம் திகதி கொழும்பில் ஒரே நாளில் 493 மில்லிமீற்றர் மழை கொட்டியது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் ஐந்தில் ஒரு பங்கு அது. நகரம் மூழ்கியது. அந்தத் தசாப்தத்தில் யப்பானியக் கடனுதவியோடு பெரும் வெள்ளக் கட்டுப்பாட்டுத் திட்டம் நடந்தது. கால்வாய்கள் அகலமாயின, ஆழமாயின. கரையோரக் குடும்பங்கள் பல வேறிடங்களுக்கு மாற்றப்பட்டன. கம்பிவலைக் கூடைகளில் கல் நிரப்பி அடுக்கிய சுவர்கள் கரைகளாயின. கல்லிடுக்கில் நீர் புகுந்து வெளியேற முடியும் என்பதால் அந்தச் சுவர் காங்கிரீட்டைவிட நல்லது. ஆனால் செங்குத்தான சுவரில் கோரைக்கும் நீர்ப்பருத்திக்கும் நிற்க இடமில்லை.

2010 நவம்பரில் மீண்டும் ஒரே இரவில் 400 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தது. பாராளுமன்றத்துக்குள் வெள்ளம் புகுந்தது. சதுப்பு நடுவே கட்டிய கட்டடத்தில் சட்டம் இயற்றுபவர்களின் காலடிக்கே நீர் வந்த பிறகு, பேச்சு மாறியது. 2012இல் உலக வங்கியின் 213 மில்லியன் டொலர் கடனோடு மாநகர அபிவிருத்தித் திட்டம் தொடங்கியது. எஞ்சிய சதுப்புகள் வெள்ளத்தைத் தாங்கிப் பிடிக்கும் தொட்டிகள் என்பதும், அவற்றை நிரப்பினால் எந்தக் கால்வாயாலும் ஈடு செய்ய முடியாது என்பதும் அந்தத் திட்டத்தின் ஆய்வுகளில் எண்களாக வந்தன. பெத்தகானையிலும் நுகேகொடையிலும் ஈரநிலப் பூங்காக்கள் பிறந்தன. தலவத்துகொடையில் தியசரு பூங்கா உருவாயிற்று. மீன்பிடிப் பூனை, நீர்நாய், நூற்றுக்கு மேற்பட்ட பறவை இனங்கள் ஆகியவை தலைநகரின் நடுவே வாழ்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். 2018 ஒக்டோபர் 25ஆம் திகதி டுபாயில் நடந்த ராம்சார் ஈரநில உடன்படிக்கை மாநாட்டில், உலகில் முதன்முறையாக ஈரநில நகரங்கள் என்று அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்றாயிற்று. அந்த வரிசையில் தலைநகர் என்றால் கொழும்பு மட்டுமே.

பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் அந்த அங்கீகாரம் பெரும்பாலும் பரந்த சதுப்புகளுக்குரியது. வெள்ளவத்தைக் கால்வாய், தெஹிவளைக் கால்வாய், சென் செபஸ்தியன் கால்வாய் போன்ற ஒடுங்கிய நீர்வழிகளே மக்கள் நாள்தோறும் பார்ப்பவை. அவற்றின் கரைகளில் கல்சுவரும், நடைபாதையும், வரிசையாக நட்ட அலங்காரச் செடிகளும்தான் அதிகம். சுதேசத் தாவரத்தை இங்கே மீட்பது சதுப்பில் மீட்பதைவிடக் கடினம். அதனால்தான் திட்டம் இன்னும் நுணுக்கமாக இருக்க வேண்டும்.

முதல் தடை பொறியியலாளர் வைக்கும் நியாயமான கேள்வி: செடி நட்டால் நீர் வடிவது தாமதமாகாதா? 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அயர்லாந்துப் பொறியியலாளர் ரொபர்ட் மனிங் தந்த சூத்திரத்தை உலகம் இன்றும் பயன்படுத்துகிறது. கால்வாய்ப் பரப்பின் கரடுமுரடுக்கு அதில் ஓர் எண் உண்டு. வழுவழுப்பான காங்கிரீட்டுக்கு 0.013 அளவில் இருக்கும் அந்த எண், புதர் அடர்ந்த ஓடைக்கு 0.05ஐத் தாண்டும். சரிவும் ஆழமும் மாறாமல் இருந்தால், நீரின் வேகம் நான்கில் ஒரு பங்காகக் குறையலாம். ஆகவே, எங்கும் மரம் நடுவோம் என்பது கொழும்பில் செல்லாது. கால்வாய் அகலமாக உள்ள இடங்களில், சுவரைப் பின்னுக்குத் தள்ளிச் சரிவாக்கக்கூடிய இடங்களில் புதரும் மரமும் வரலாம். ஒடுங்கிய இடங்களில் வெள்ளத்தில் படுத்து, வெள்ளம் போனதும் நிமிரும் கோரை வகைகள் போதும். தூர்வாரும் இயந்திரம் நிற்க ஒரு கரை திறந்திருக்க வேண்டும். எதிர்க் கரையில் மரம் அடரலாம்.

இரண்டாவது, உப்பு. வெள்ளவத்தை வாயிலிருந்து உள்ளே போகப் போகக் கடல்நீரின் வலிமை குறையும். வறண்ட மாதங்களில் அது மேலும் உள்ளே ஏறும். வாய்ப்பகுதிக்குக் கிண்ணை, நீர்ப்பருத்தி, பூவரசு, தாழை. கிருலப்பனைப் பக்கமாக உப்புக் குறைந்ததும் சமுத்திரப்பழம், கொகில, சம்பு. மேட்டில் புங்கும் மருதும். கால்வாயின் ஒவ்வொரு பகுதியிலும் ஆண்டு முழுவதும் உப்பையும் நீர் மட்டத்தையும் அளந்த பின்னரே இந்தப் பட்டியல் முடிவாக வேண்டும். உதளை கரையைப் பிடிக்கும் நல்ல மரம். ஆனால் அதன் காய் உயிரைப் பறிக்கும் நஞ்சு. பாடசாலைக்கும் விளையாட்டிடத்துக்கும் அருகே அதற்கு இடமில்லை.

மூன்றாவது, காலம். கொழும்பில் மே மாதமும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களும் பெருமழைக் காலம். மேட்டில் நடும் கன்றுக்கு மழையின் தொடக்கம் நல்லது. சரிவில் நடுவதற்கு நவம்பர் வெள்ளம் இறங்கிய பின் வரும் டிசம்பரே பொருத்தம். அடுத்த பெருமழைக்கு முன் வேர் பிடிக்க ஐந்து மாதம் கிடைக்கும்.

நான்காவது, வெல் ஆத்தா. அந்நிய மரம் என்று ஒரே நாளில் அத்தனையையும் வெட்டினால் கரை இடியும். கொக்கும் நாரையும் கூடு கட்ட இடமின்றிப் போகும். அந்த மரக்கூட்டத்தில் இன்று மீன்பிடிப் பூனையும் ஒளிந்து வாழ்கிறது. துண்டு துண்டாக வெட்டி, வெட்டிய இடத்தில் சுதேச மரம் ஆளுயரம் வளர்ந்த பிறகு அடுத்த துண்டுக்குப் போவதே வழி. வெட்டிய அடிமரம் மீண்டும் துளிர்க்கும். மிதந்து வரும் விதை மீண்டும் முளைக்கும். எனவே நடுவதற்கு ஒதுக்கும் பணத்துக்குக் குறையாத தொகை, அடுத்த பல ஆண்டுகள் களை பிடுங்குவதற்கும் ஒதுக்கப்பட வேண்டும். பல நகரங்களில் இத்தகைய திட்டங்கள் தோற்றது இந்த இடத்தில்தான்.

நகரத்து ஓடை இப்படி மீளுமா என்று ஐயப்படுபவர்களுக்கு இரண்டு உதாரணங்கள் உண்டு. சிங்கப்பூரில் கல்லாங் ஆற்றின் ஒரு பகுதி 2.7 கிலோமீற்றர் நேரான காங்கிரீட் கால்வாயாக இருந்தது. பீஷான் பூங்கா வழியாக அதை 3.2 கிலோமீற்றர் வளைந்து ஓடும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். அதற்கு முன், 2009இல், 60 மீற்றர் நீளத்தில் வெவ்வேறு முறைகளில் செடியும் கல்லும் வேரும் சேர்த்துக் கரை கட்டி, எது வெள்ளத்தைத் தாங்குகிறது என்று பார்த்தார்கள். பெருமழையில் பூங்காவின் புல்வெளியே ஆற்றின் அகலமாகிறது. சென்னையில் அடையாறு முகத்துவாரத்தில் குப்பையும் இடிபாடும் நிறைந்து கிடந்த 58 ஏக்கரை மீட்டு, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். ஓரோவில்லின் பிச்சாண்டிக்குளம் வனக் குழு, அந்தக் கரையோரத்துக்கே உரிய மரஞ்செடிகளைத் தேடி, நாற்றுப் போட்டு நட்டது. இரண்டு இடத்திலும் வெற்றிக்குக் காரணம், நடுவதற்கு முன் செலவிட்ட காலம்.

கொழும்பு சிங்கப்பூரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த 60 மீற்றர். வெள்ளவத்தைக் கால்வாயில் அகலம் உள்ள ஓரிடத்தைத் தேர்ந்து, சுவரைச் சரிவாக்கி, பெத்தகானையிலிருந்தும் கொலன்னாவைச் சதுப்பிலிருந்தும் எடுத்த விதையில் நாற்று வளர்த்து நட வேண்டும். இரண்டு மழைக்காலம் அளந்து பார்க்க வேண்டும். தாங்கியதை மேலும் கீழும் நீட்ட வேண்டும். கரையில் வாழும் குடும்பங்களை அப்புறப்படுத்தி அழகுபடுத்தும் பழைய பாணி இதில் வேண்டாம். வீட்டுக் கழிவுநீரைக் குழாயில் இணைப்பது முதல் வேலையாக வேண்டும்; நாற்றுப் பண்ணையும் களையெடுப்பும் அந்தக் குடும்பங்களுக்குச் சம்பள வேலையாக வேண்டும். வெள்ளம் வரும்போது எந்த மூலை முதலில் மூழ்கும் என்பதை எந்த வரைபடத்தையும்விட அவர்கள் நன்றாக அறிவார்கள்.

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ வாழும் வாசகர்களும் இதில் செய்யக்கூடியது உண்டு. உங்கள் வீதிக்குப் பின்னால் ஓடும் கால்வாயின் கரை அடுத்த முறை உடைத்துக் கட்டப்படும்போது, எவ்வளவு உயரச் சுவர், எத்தனை மீற்றர் நடைபாதை என்று மட்டும் கேட்காதீர்கள். நடப்போவது எந்த மரம், அது எங்கிருந்து வருகிறது, மூன்றாம் ஆண்டில் களை பிடுங்கப் பணம் இருக்கிறதா என்று மாநகர சபையிடமும் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்திடமும் எழுத்தில் கேளுங்கள். வரைபடம் முடிவாவதற்கு முன் கேளுங்கள்.